பின்சக்கரம் போதும்

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, சார். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். தாராவியில் எங்கள் ஷெட்டுக்கு எதிரே கிடைப்பது வெறும் சீனித் தண்ணீர்.

நீங்கள் மாட்டுங்காவிலிருந்து எனக்காக வந்திருப்பதாக ஹவல்தார் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் இன்ஸ்பெக்டருக்கு மராத்தியில் சொல்ல வேண்டும், அப்படித்தானே? எனக்கு இந்தி வரும். வண்டி விஷயம் என்றால் இந்தியிலேயே சொல்லிவிடுவேன். வீட்டு விஷயம் இந்தியில் வாயில் வராது. அதனால்தான் தமிழ் ஆள் வேண்டும் என்று கேட்டேன். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள்.

பெயர் வெயிலுமுத்து. கரீம் பாட்சா பாயின் லாரி ஷெட்டில் பெரிய மிஸ்திரி, வண்டி ரிப்பேர் வேலை. முதல் விஷயம், பாயை விட்டுவிடுங்கள். லாரி அவருடையது, ஷெட்டும் அவருடையது, அதெல்லாம் சரி. செம்பூருக்கு அந்தப் பக்கம் கல் குவாரிச் சரிவில் அந்த லாரி உருண்டு டிரைவர் பூலோகம் செத்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அது என் வேலை. நான் செய்த வேலையை இன்னொருவர் செய்ததாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஷெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொறாமையில் செய்தேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையை எழுதாதீர்கள். என்னிடம் இல்லாததை இன்னொருவன் வைத்திருந்தால்தானே பொறாமை? ஆறுமுகத்தாய் என் மனைவி. என் ரூமில் இருந்தாள், எனக்குச் சமைத்தாள், என் துணியைத் துவைத்தாள். பிறகு நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? வயிறு எரிந்தது, அதை இல்லையென்று சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

பூலோகம் அவளுடைய அத்தை மகன். முறைமாப்பிள்ளை. அவளைக் கட்ட வேண்டிய உரிமை அவனுக்குத்தான். அந்தச் சமயம் அவனுக்கு நிலையான வேலை இல்லை, ஆகவே என் மாமனார் அந்நியத்தில் எனக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கொடுத்தால் பந்தலில் எல்லார் முன்னிலையிலும் முறைமாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்க வேண்டும். வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு வைத்த தட்டை அவனிடம் நீட்ட வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால்தான் அடுத்தவன் தாலி கட்டலாம். உங்களில் இந்த வழக்கம் இருக்கிறதோ என்னவோ.

கல்யாணம் தாராவியில் நாங்கள் குடியிருக்கிற சாலுக்கு முன்னால் பந்தல் போட்டுத்தான் நடந்தது. நான் தட்டை நீட்டினேன். பூலோகம் உடனே வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்:

“அண்ணாச்சி, எங்க வீட்டுப் பொருளு. கொஞ்ச நாளைக்கு வச்சிருங்க. ஒத்து வரலன்னா திருப்பிக் குடுத்துருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

பந்தலே சிரித்தது. முறைமாப்பிள்ளை அப்படிக் கேலி பேசுவது வழக்கம்தான், பேசாவிட்டால்தான் கோபமாக இருக்கிறான் என்பார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஐயர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன் என்று எதுவும் ஞாபகமில்லை.

அந்தக் கேலி கல்யாணத்தோடு முடிந்திருந்தால் சரி. பாய் அவனை லாரிக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். பாய்க்கு அவன்மேல் உயிர். “பூலோகம் கையில ஏறுனா கழுதகூட குருதையாயிரும்” என்பார். அந்த லாரியை மிலிட்டரி ஏலத்திலிருந்து பழைய இரும்பாகக் கொண்டுவந்தபோது அதற்கு உயிர் கொடுத்தது நான். இன்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்துப் பூட்டியது நான். ஓட்டியவனுக்குப் பெயர். போகட்டும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தனியாள் என்பதால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். அதுவும் நான் சொல்லித்தான். உறவுக்காரன் ஹோட்டலில் சாப்பிட்டால் ஊர் என்ன பேசும்? வந்து உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவான்.

“ஏட்டி ஆறுமுகம், கொழம்புல உப்பக் காணும். எல்லாத்தையும் அண்ணாச்சி தட்டுலயே கொட்டிட்டியா?”

“வேணும்னா தின்னுங்க அத்தான். இல்லன்னா ஒங்களுக்குன்னு ஒருத்தியக் கட்டிக்கிட்டு அவ கையால வாங்கித் தின்னுங்க.”

இவ்வளவுதான், சார். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் பார்த்தவரை ஒரு தப்பான பேச்சு இல்லை, ஒரு தப்பான பார்வை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவன் வந்த பிறகுதான் அந்த ரூமில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவன் போனதும் அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். திரும்பி வந்தால் “வெளக்க அணைக்கட்டா?” என்று கேட்பாள். என்னிடம் ஒரு நாளைக்கு அவள் அதிகமாகப் பேசியது அதுதான். நானும் உப்பு இல்லை என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். உங்களுக்குப் புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்.

சண்டைக் காலத்து மிலிட்டரி லாரி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதும். சேறு, மேடு என்றால் ஒரு லீவரைத் தள்ளி முன்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொரு லீவர், அது லோ கியர். அதைப் போட்டால் வண்டி நத்தை மாதிரி ஊரும், ஆனால் பலம் பல மடங்கு. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முன்சக்கரத்தைச் சேர்க்காமல் லோ கியர் விழாது. இரண்டு லீவரின் கம்பிகளுக்கும் நடுவே புளியங்கொட்டை அளவு ஓர் இரும்புக் குச்சி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அத்தனை பலமும் பின்பக்கத்துக்கு மட்டும் போனால் சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸில் தண்டு தாங்காது என்று.

குவாரியில் மேலேயிருந்து கீழே வர இரண்டு கொண்டை ஊசித் திருப்பம். கெட்டியான கல் ரோடு. லோ கியர் இல்லாமல் பாரத்தோடு இறங்க முடியாது, ஆகவே முன்சக்கரமும் சேர்ந்தே இழுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற நிலையில் அங்கே ஸ்டீயரிங் திரும்பாது, மாடு முரண்டு பண்ணுகிற மாதிரி எதிர்க்கும். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி பூலோகத்துக்கு வலது தோள் பிசகிவிட்டது.

ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. பூலோகம் பனியனைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆறுமுகத்தாய் அவன் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ரூம் முப்பிடாதியம்மாளும் அங்கேதான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். “நல்லா அழுத்தித் தேய்” என்றுகூடச் சொன்னேன். எனக்கு அவள் ஒரு தரம்கூட எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அன்று படுத்த பிறகு அவளே பேச்சை எடுத்தாள். அதிசயமாக இருந்தது.

“இந்தாருங்க, ஒறங்கிட்டியளா? அத்தானுக்குத் தோளு தூக்க முடியல. வண்டியில ஏதோ குச்சிய எடுத்துட்டா ஸ்டீயரிங் லேசாயிருமாமே. பாட்சா பாய் கூடாதுன்னுட்டாவளாம். நீங்க நெனச்சா செய்யலாமாம்லா.”

“எதுக்கு ஒனக்கு அந்தக் கவலை?”

“ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. கையத் தூக்கித் தாலி கட்டாண்டாமா அவரு? அதுக்காவது செஞ்சு குடுங்களேன்.”

அவனுக்குத் திலக் நகரில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். பார்த்ததும் ஆறுமுகத்தாய்தான், அலைந்து முடித்ததும் அவள்தான். கல்யாணம் ஆனால் அவன் சாப்பிட வரமாட்டானே, எல்லாம் சரியாகிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் ஆனால் மட்டும் முறை மாறிவிடுமா, சார்? சாகும்வரை அவன் அவளுக்கு அத்தான்தான்.

கல்யாணமாகி அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சேலை கேட்டதில்லை, சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னதில்லை. கேட்டதைச் செய்து கொடுப்போம் என்று தீர்மானித்தேன்.

பாய் ஏன் கூடாது என்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அவருக்கு உதவும். நான் லேசாகக் கேட்டுப் பார்த்தபோது, “அதத் தொடாத வெயிலு. குண்டு போடுத எடத்துக்குப் போற வண்டிய செஞ்சவன் கிறுக்கனா? நாலு பேர் தூக்குற கட்டில ரெண்டு பேர் தலையில வச்சா என்ன ஆவும்?” என்று கேட்டார். சமதரையில் என்றால் பரவாயில்லை, குவாரி வண்டிக்கு வேண்டவே வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனதும் வேலையை எடுத்தேன். அந்த இரண்டு லீவரும் இறங்குகிற சின்னக் கியர்ப்பெட்டியின் மூடியைக் கழற்றி, குச்சியை எடுத்து, மறுபடி பூட்டிவிட்டேன். பூலோகம் லீவரைப் போட்டுப் பார்த்தான். லோ கியர், பின்சக்கரம் மட்டும். ஸ்டீயரிங்கை ஒரு கையால் சுற்றினான். இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“பாய்கிட்ட சொல்லாத, தம்பி” என்றேன்.

“சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணாச்சி” என்றான். சொல்லவும் இல்லை. அந்த விஷயத்தில் அவன் ஒழுங்கானவன்.

அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் பின்பக்க ஆக்ஸில் இரண்டையும் உருவினேன். நான் அரைகுறை வேலைக்காரன் இல்லை. எல்லாப் பாரமும் இனி பின்னால்தான் போகப்போகிறது, தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸை இடித்த சாக்குப்பொடியைத் தூவிவிட்டால் போதும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வலது ஆக்ஸில் சுத்தம். இடதில், பற்கள் தொடங்குகிற கழுத்தில், மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆறுமுகத்தாய் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள். வழக்கமாக ஷெட்டுப் பையன் இசக்கியிடம் கொடுத்து அனுப்புவாள். அன்று அவளே வந்தாள், வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்க. டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“இது என்ன, வெள்ளையில கறுப்பா ஒரு கோடு?” என்று குனிந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. அழுக்கு” என்று துணியால் துடைத்தேன். போய்விட்டது.

“செஞ்சு குடுத்திட்டியளாமே. அத்தான் வழியில பாத்துச் சொன்னாவ” என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், சார். முழுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கென்று வந்ததா, அவனுக்காக வந்ததா என்று யோசித்தேன். அவனுக்காகத்தான். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இடது ஆக்ஸிலையே திரும்பப் பூட்டினேன்.

ஷெட்டில் நல்ல ஆக்ஸில் ஒன்று சாக்கில் சுற்றி வைத்திருந்தது. மறுநாள் முலுண்டிலிருந்து ஒருவர் தன் வண்டிக்குக் கேட்டு வந்தார். அதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வைத்திருந்தால் என்றாவது மனசு மாறி மாற்றிவிடுவேனோ என்று தோன்றியது.

பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வண்டி திரும்பி வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துவிடுவேன், எண்ணெய் பார்ப்பேன். எந்தச் சாயங்காலம் வேண்டுமானாலும் “தம்பி, வண்டி நாளைக்கு ஓடாது” என்று சொல்லியிருக்கலாம். பூலோகம் தோள் சரியாகி, சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்தான். அவள் அவனைச் சாக்கிட்டு என்னையும் புகழ்ந்தாள். “இவிய மட்டும் செஞ்சு குடுக்கலன்னா ஒங்க கை வெளங்காமப் போயிருக்கும் அத்தான்.” எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

வண்டி உருண்ட சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் வண்டியை எடுக்க வந்தவன் லீவரில் கையை வைத்தபடி என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, சரிவு பூரா சகதியா கெடக்கும். எறங்கும்போது மட்டும் முன்சக்கரத்தையும் சேத்துப் போட்டுக்கிடட்டா?”

இதை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். முன்சக்கரத்தையும் சேர்த்துப் போட்டிருந்தால், பின் ஆக்ஸில் உடைந்தாலும் முன்சக்கரம் வண்டியைப் பிடித்திருக்கும். போடாவிட்டால், ஒரு பக்க ஆக்ஸில் உடைந்த நிமிஷம் இன்ஜினின் பிடி போய்விடும். கை பிரேக்கும் அந்த வண்டியில் சக்கரத்தில் இல்லை, நடு ஷாஃப்டில் இருக்கிறது. ஆகவே அதுவும் போய்விடும். கால் பிரேக்கை அந்தப் பாரத்தோடு அந்தச் சரிவில் எந்த டிரைவரும் நம்பமாட்டான், அதற்கு அசல் ரப்பரே இப்போது கிடைப்பதில்லை. இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அதனால்தான் என்னைக் கேட்டான்.

“வேண்டாம், தம்பி. இப்பத்தான் தோளு சரியாயிருக்கு. பின்சக்கரம் போதும்” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரி” என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

இரண்டாவது திருப்பத்தில் உடைந்திருக்கிறது. பாரத்தின்மேல் கல்லுடைக்கிற பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாளாம், அவளும் போய்விட்டாள். சனிக்கிழமை வீட்டுக்குச் சீக்கிரம் போக அவர்கள் அப்படி ஏறிக்கொள்வது வழக்கம். அது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் அதை நினைக்கவில்லை. அவள் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் காகிதத்தில் இருக்கும்.

பூலோகத்தைக் கொண்டுவந்து கிடத்தியபோது பாட்சா பாய் உடைந்த ஆக்ஸில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து அழுதார். பாதி கறுப்பாகவும் பாதி பளபளவென்றும் இருந்ததை வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

“கறுத்த பாதி என்னைக்கோ விண்டது. வெள்ளப் பாதிதான் இன்னைக்கி உடஞ்சது. மண்ணெண்ணெயில ஊற வச்சு சாக்குப்பொடி போட்டிருந்தா கறுப்பா கோடு காட்டியிருக்குமே. நான் பாக்காம விட்டுட்டனே.”

அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அதைக் கேட்டு நின்ற ஹவல்தார் அவரையே பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஆறுமுகத்தாய் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாய் கோடு என்று சொன்னதும் அழுகையை நிறுத்தினாள். மெதுவாகத் தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடினாள். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை.

அன்றைக்கே காட்கோபரில் அவள் அக்கா பேராச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து நேரே இங்கே வந்து எல்லாவற்றையும் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. செத்தவன் அத்தை மகன், கோபம் இருக்கத்தான் செய்யும். ஆமாம், சார், நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். அவள் சொன்னது அத்தனையும் சரி என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அவள் சொல்லி நான் எதையும் இதுவரை மறுத்ததில்லை.

ஒரே ஒரு விஷயம். நேற்று என்னை வராந்தா வழியாகக் கூட்டி வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. ஹவல்தார் ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. நேற்று ஆடி வெள்ளி, எங்கள் பெண்கள் தாலிக்கயிறு மாற்றுகிற நாள். புதுக்கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் பழையதைக் கழற்றுவார்கள், ஒரு நிமிஷம்கூட வெறுங்கழுத்தாக இருக்கமாட்டார்கள். இந்த அலைச்சலில் அவள் மறந்திருப்பாள். நீங்கள் போகிற வழியில் ஒரு முழம் மஞ்சள் கயிறு வாங்கி அவளிடம் கொடுத்துவிடுங்கள், சார்.